கடல் தின்ற முன்சில்லு

முதலில் நான் கட்டினவற்றைச் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒருவரும் "உந்த ஆள் ஆர், அவருக்கு என்ன தெரியும்" என்று கேட்கக்கூடாது.

யாழ்ப்பாணத் தீவுப்பக்கத்து நாரந்தனையில் என் வீட்டை நானே கட்டினேன். கல் நான் உடைத்தது, சுண்ணாம்பு நான் சுட்டது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் மட்டம் பிடித்துச் சுவர் எழுப்புவானா என்று வேலிக்கு வெளியே நின்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அந்தச் சுவர் இன்றைக்கும் நிற்கிறது. கூரை இல்லை, அது சண்டையில் போனது, அதற்குக் காரணம் நான் இல்லை. வீட்டுக்குப் பின்னால் கிணறு வெட்டினேன். பாறை தட்டுப்பட்டதும் கூலிக்கு வந்தவர்கள் ஏறிப் போய்விட்டார்கள். அவர்கள் ஏறின கயிற்றில்தான் நான் இறங்கினேன். தண்ணீர் உவராக வந்தது. உவரானாலும் என் தண்ணீர். ஊரில் செத்துப்போன இறைப்பு மெசின் எத்தனை இருந்ததோ அத்தனைக்கும் உயிர் கொடுத்தேன். ஒரு பழைய லொறியின் அச்சையும் உடைந்த வள்ளத்தின் பலகைகளையும் வைத்து வாடகை ட்ரக்டரின் பின்னால் இழுக்கிற பெட்டி ஒன்று கட்டினேன். தீவில் அதற்கு முதல் எவரும் அப்படிச் சொந்தக் கையால் கட்டினதில்லை. மணல், கல், வேலிக்கு ஓலை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் போயின. எங்கள் அடுப்பு எரிந்ததும் அதனால்தான்.

இவற்றையெல்லாம் நீங்கள் மறந்தாலும் எனக்குக் கவலையில்லை. ஒரு ஜீப்பின் முன்சில்லை, அதுதான் முன் சக்கரத்தை, என் வளவுப் பூவரசு மரத்தடியில் கழற்றி, பேரிங் மாற்றி, திரும்ப ஓட வைத்தேனே, அதை மட்டும் மறக்க விடமாட்டேன்.

ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், அண்மையில் ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கத்துக்குத் தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டியிருக்கிறார்கள். நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன். அதன் அடியில் கறுப்புக் கல் ஒன்று பதித்திருக்கிறார்கள். தாங்கி வருவதற்கு முதல் இந்தப் பக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்து உதவியவர்கள் என்று தலைப்புப் போட்டு, கீழே பெயர்கள். ஜீப்பைத் தந்த முதலாளியின் பெயர் இருக்கிறது. அதை ஓட்டின என் மனைவியின் தம்பி பெயர் இருக்கிறது. தன் நல்ல தண்ணீர்க் கிணற்றை ஊருக்குத் திறந்துவிட்டவரின் பெயரும் இருக்கிறது. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். என் பெயர் இல்லை.

இனி நடந்ததைக் கேளுங்கள்.

அந்த முதலாளி எங்கள் ஊர்தான். தெற்கே கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றில் அந்தப் பக்கம் கடைகள் எரிந்தபோது அவருடையதும் எரிந்தது. உடுத்த உடுப்போடு ஊருக்கு வந்தார். ஜீப் மட்டும் வேறொரு ஊரில் திருத்த விட்டிருந்தபடியால் தப்பியது. பிறகு யாரோ ஒரு புண்ணியவான் அதை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தான். முந்தி மலைப்பக்கத்துக் கடைகளுக்குச் சாமான் ஏற்றின ஜீப் அது. நாலு சில்லும் இழுக்கும். மணலென்றும் சேறென்றும் பாராது.

எங்கள் பக்கம் கிணறெல்லாம் உவர் என்று சொன்னேன். குளிக்கலாம், குடிக்க ஏலாது. சாட்டிப் பக்கம் போனால் நல்ல தண்ணீர். பெண்கள் குடமும் இடுப்புமாக நடந்துதான் வருவார்கள். முதலாளி ஜீப்பைக் கொடுத்தார். என் மனைவியின் தம்பி காலையில் பீப்பாக்களை ஏற்றிக்கொண்டு போய் நிரப்பி வருவான். ஒழுங்கை முகப்பில் நிறுத்தினால் ஊர் முழுக்கக் குடத்தோடு நிற்கும். அந்த நல்ல மனதை நான் எப்போதும் ஒப்புக்கொள்கிறவன்.

ஆனால் ஊரில் ஆள் ஏற்றிப் போக வேறு வாகனம் கிடையாது. ஆகவே ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு நோயாளி போனாலும் அந்த ஜீப்தான், அங்கே ஒருவர் இறந்துபோனால் பிரேதம் வீட்டுக்கு வருவதும் அந்த ஜீப்பில்தான். பிரேதம் ஏற்றின வாகனத்தைக் கழுவித் துடக்கை, அந்தச் சாவுத் தீட்டை, போக்காமல் அதில் குடிதண்ணீர் ஏற்ற எவர் விடுவார்கள்? கழுவத்தான் வேண்டும். எந்தத் தண்ணீரில்? சாட்டித் தண்ணீரை ஜீப்புக்கு ஊற்ற ஒருத்திக்கும் மனம் வராது. தங்கள் வீட்டுக் கிணற்றடியில் அந்த ஜீப்பை நிறுத்தவும் எவரும் சம்மதிக்கமாட்டார்கள். கடல் இருக்கிறது. கடல் யாருடைய வீட்டுக் கிணறும் இல்லை. ஒவ்வொரு செத்த வீட்டுக்குப் பிறகும் மைத்துனன் ஜீப்பைக் கடலுக்குள் இறக்கி, முங்கவைத்து, ஏற்றி வருவான். ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கொடுத்த முறை அது. அதில் பிழை இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதலில் இடது முன்சில்லில் ஒரு கரகரப்பு. பிறகு அம்மியில் உழுந்து அரைக்கிற மாதிரிச் சத்தம். ஒருநாள் சாட்டியிலிருந்து வரும் வழியில் சரவணை வளைவில் சில்லு ஒரு பக்கம் சரிந்து ஆடிக்கொண்டு நின்றுவிட்டது. பீப்பாத் தண்ணீர் அப்படியே கிடந்தது. செய்தி கேட்டு அங்கேயே வந்து குடத்தில் மொண்டு போனார்கள். அடுத்த நாளிலிருந்து பழையபடி சாட்டிக்கு நடை. என் மனைவி அப்போது நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளும் குடத்தோடு வெளிக்கிட்டாள். "நான் போறன்" என்றேன். "நீங்கள் மெசின் திருத்தப் போங்கோ, குடத்தில தண்ணி மொள்ள உங்களுக்குத் தெரியாது" என்றாள்.

நான் முதலாளி வீட்டுக்குப் போனேன். அவர் கதிரையில் சாய்ந்திருந்தார்.

"விடும் காணும்," என்றார். "கடையே போயிட்டுது. உந்த இரும்பை வைச்சு நான் என்ன செய்ய? யாழ்ப்பாணத்தில ஒருத்தர் உதிரிச் சாமானுக்குக் கேட்டவர். வெள்ளிக்கிழமை லொறியோட வாறாராம்."

"பேரிங்தானே முதலாளி போனது."

"போனது பேரிங். மாத்துறது ஆர்?"

"நான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீர் இறைப்பு மெசின் திருத்துறனீர். உது ஜீப்."

"சுத்துற சாமான் எல்லாம் எனக்கு ஒண்டுதான்."

"புதுப் பேரிங்குக்கு எங்கை போவீர்? கொழும்புக்கோ? அந்தப் பக்கத்தில இருந்து எனக்கு ஒரு ஆணியும் வேண்டாம்."

"கொழும்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். வெள்ளிக்கு முதல் ஓடினால் விக்கமாட்டியளே?"

அவர் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். பிறகு சிரித்தார். கடை எரிந்த பிறகு அவர் சிரித்து நான் அன்றுதான் கண்டேன். "ஓடினால் விக்கேல்லை. ஓடாட்டி, லொறியில ஏத்த நீரும் ஒரு கை பிடிக்க வேணும்."

"ஓம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ட்ரக்டர் வேறு வேலைக்குப் போயிருந்தபடியால் மாட்டைப் பூட்டி ஜீப்பை என் வளவுக்கு இழுத்து வந்தோம். தூக்க ஜக் இல்லை. பனங்குற்றியை நெம்பாகப் போட்டு மைத்துனன் அதில் தொங்க, நான் முருகைக்கல்லை அடுக்கினேன். சில்லைக் கழற்றி, நடுவிலிருக்கிற குடத்தையும் இழுத்து எடுத்தேன். பேரிங் இருந்த இடத்தில் பேரிங் இல்லை. கூடு நொறுங்கி, உருளைகள் தேய்ந்து, உள்வளையம் அச்சோடு ஒட்டிப் போயிருந்தது. கிறீஸ் கறுப்பாக இருக்க வேண்டியது, தயிர் மாதிரி வெளுத்திருந்தது. அதற்குள் மணல். நான் விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

"என்ன அத்தான், கிறீஸை நக்கிறியள்? அக்கா சாப்பாடு தரேல்லையோ?"

"உப்பு."

"கருவாட்டுக் குழம்பெண்டு நினைச்சியளோ?"

"பகிடி விடாதை. ஜீப்பைக் கடலில எவ்வளவு தூரம் இறக்கிறனி?"

அவன் தொடைக்கு மேலே கையை வைத்துக் காட்டினான். "சில்லு மூட வேணும் எண்டு பெரியாக்கள் சொன்னவை."

"ஆஸ்பத்திரியில இருந்து ஓடி வந்த சூட்டோடயோ?"

"பின்னை? சூடு ஆறுமட்டும் பிரேத ஜீப்பை ஒழுங்கையில விட விடுவினமே?"

அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. கொதிக்கிற சில்லுக் குடத்தைக் குளிர்ந்த தண்ணீருக்குள் தள்ளினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கும். சுருங்குகிற காற்று கடலை உள்ளே உறிஞ்சும். சூடான போத்தலைக் கவிழ்த்துத் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். துடக்கைப் போக்குகிறோம் என்று நினைத்து ஒவ்வொரு செத்த வீட்டுக்கும் ஜீப்புக்குக் கடல் குடிக்கக் கொடுத்திருக்கிறோம். இதை ஒருவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நாக்குச் சொன்னது.

யாழ்ப்பாணம் போய்க் கடை கடையாகக் கேட்டேன். பேரிங்கைக் கையில் வாங்கிப் பார்ப்பார்கள், உதட்டைப் பிதுக்குவார்கள், திருப்பித் தருவார்கள். கொழும்பிலிருந்து வரவேண்டும், வந்தால்தான் உண்டு. கடைசிக் கடையை விட்டு இறங்கி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது என் ட்ரக்டர்ப் பெட்டி நினைவுக்கு வந்தது. நினைவு வராமல் இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அதன் அச்சிலும் இதே மாதிரிக் கூம்பு உருளைப் பேரிங்தான்.

வீட்டுக்கு வந்து பெட்டியின் சில்லைக் கழற்றிப் பிடித்துப் பார்த்தேன். வெளி அளவு ஒட்டினாற்போலச் சரி. உள் துவாரம் பெரிது, ஜீப்பின் அச்சில் லொட லொட என்று ஆடியது. இடைவெளிக்கு ஒரு இரும்பு வளையம் கடைந்து போட்டால் பிடிக்கும். ஆனால் அதைக் கழற்றினால் பெட்டி படுத்துவிடும். பெட்டி படுத்தால் எங்கள் வருமானமும் படுத்துவிடும்.

என் மனைவி சாணம் மெழுகிய கையோடு வந்து நின்று பார்த்தாள். நான் சொல்லாமலே விளங்கிக்கொண்டாள்.

"கழட்டப் போறியளோ?"

"ஓம்."

"பிறகு ஓலை ஆர் ஏத்துறது?"

"தலையில ஏத்துவம்."

"உங்கடை தலையிலதானே?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவளுடைய பாஷையில் அது சம்மதம்.

ஜீப்பின் அச்சுக் குழாயை அப்படியே பூட்டிலிருந்து கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு ஊர்காவற்றுறைக்குப் போய்க் காரைநகருக்குப் படகு ஏறினேன். அங்கே லேத் மெசின் வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். கரையில் காவல் நின்ற சிங்கள நேவிக்காரர்கள் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். உள்ளே முழங்கை நீளத்துக்கு இரும்புக் குழாய். அந்தக் காலத்தில் அதை அவர்கள் என்னவென்று நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அவர்கள் பேசினது எனக்கு விளங்கவில்லை, நான் பேசினது அவர்களுக்கு விளங்கவில்லை. படகில் வந்த மற்றவர்கள் மெல்ல மெல்ல என்னை விட்டு விலகி நின்றார்கள். நான் குழாயை நிலத்தில் வைத்து, பேரிங்கை அதில் கோத்து, விரலால் சுற்றிக் காட்டினேன். வாயால் ஜீப் ஓடுகிற மாதிரிச் சத்தமும் போட்டேன். ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவன் சிரிக்கவில்லை, ஆனாலும் போ என்று கையைக் காட்டினான். பயமில்லையா என்று பிறகு பலர் கேட்டார்கள். பயம் இருந்தது. சில்லு அதைவிடப் பெரிதாக இருந்தது.

லேத்காரர் சாமானைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன காணும் இது? ட்ரக்டர்ப் பெட்டியின்ரை பேரிங்கை ஜீப்புக்கோ?"

"ஓம்."

"நிக்காது."

"நீர் வளையத்தைக் கடைஞ்சு தாரும். நிக்கிறதை நான் பாக்கிறன்."

"கழண்டு போய் ஆரும் செத்தால்?"

"அந்த ஜீப்பில செத்தவைதான் கூடுதலா ஏறுறவை. அவைக்குப் பயமில்லை."

அவர் சிரித்துக்கொண்டே மெசினைப் போட்டார். ஒன்று சொல்லவேண்டும், அவர் கடைந்தது கச்சிதம். மயிரிழை பிசகவில்லை. ஆனால் எந்த இடத்தில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று பக்கத்தில் நின்று சொன்னவன் நான்.

வீட்டில் சிரட்டைக் கரி மூட்டி வளையத்தைச் சூடாக்கினேன். சூட்டில் அது விரிந்து அச்சில் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. ஆறினதும் கடித்துப் பிடித்தது. பிறகு சுத்தியலால் அடித்தும் அசையவில்லை. பேரிங்கின் வெளிக்கிண்ணத்தைச் சில்லுக் குடத்துக்குள் இறக்கப் பழைய கிண்ணத்தையே மேலே வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஒரு பக்கம் மட்டும் அடித்தால் கோணும், கோணினால் எல்லாம் வீண். புதுக் கிறீஸை உருளைகளுக்கிடையில் உள்ளங்கையால் அழுத்தி ஏற்றினேன்.

இனிக் கிறீஸ் வெளியே போகாமலும் தூசி உள்ளே வராமலும் தடுக்கிற வளையம். பழையது உப்பில் அரித்துப் போயிருந்தது. ரப்பரில் வெட்டினால் சூட்டில் உருகிவிடும். தோல் வேண்டும், மொத்தத் தோல். எங்கே போவேன்? குனிந்து பார்த்தேன். என் இடுப்பில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் வாங்கின அகலப் பெல்ட், கல்யாணத்துக்குக் கட்டினது. கழற்றி வெட்டினேன். தேங்காயெண்ணெயில் ஊறவைத்து, பழைய தகரக் கூட்டுக்குள் பதித்து, உதட்டை மெல்லிதாகச் சீவினேன். இடுப்புச் சாரம் அவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு கை சாரத்துக்கெண்டால் சில்லை எந்தக் கையால பூட்டுவியள்?"

மைத்துனன் நிலத்தில் உருண்டு சிரித்தான். நான் மாட்டுக் கயிற்றை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். சில்லைப் பூட்டி, சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சில்லு இறுகி நின்றதும் கொஞ்சம் பின்னுக்குத் தளர்த்தி, மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன். ஆடவில்லை. விரலால் தள்ளினேன். சத்தமில்லாமல் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. மைத்துனன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சில்லையே பார்த்துக்கொண்டு நின்றான்.

வெள்ளிக்கிழமை லொறி வந்தது. வந்தவர் முதலாளியின் முற்றத்தில் ஜீப்பைத் தேடியிருக்கிறார்.

"எங்கை ஜீப்?"

"சாட்டிக்குத் தண்ணிக்குப் போயிட்டுது," என்றாராம் முதலாளி. "இருங்கோ. வந்ததும் ஒரு பேணி குடிச்சிட்டுப் போங்கோ."

அவர் குடித்துவிட்டு வெறும் லொறியோடு போனார். வாசலில் நின்று நான் பார்த்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ வாகனம் போகிறதைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவு வடிவாக ஒன்றும் போனதில்லை.

இங்கேதான் என் பெயர் முதலில் தொலைந்தது. இந்தச் சில்லை ஆர் திருத்தினது என்று சனம் கேட்டபோது முதலாளி, "யாழ்ப்பாணத்தில பெரிய கராஜில" என்று சொல்லிவிட்டார். என் முன்னாலேயே சொன்னார். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "ட்ரக்டர்ப் பெட்டியும் பெல்ட்டும் எண்டு சொன்னால் ஆர் காணும் ஏறுவினம்? நோயாளியைக் கூட ஏத்த விடமாட்டினம். பொறும்" என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. எனக்குத் தண்ணீர் வந்தால் போதும். பொறுத்தேன். பொறுத்தேன் என்றால் விட்டுக்கொடுத்தேன் என்று பொருளில்லை.

சில்லைத் திருத்தினது பாதி வேலைதான். கடல் அங்கேயே இருக்கிறது. இன்னொரு முறை முங்கினால் என் பேரிங்கையும் தின்றுவிடும். கழற்ற எனக்கு இன்னொரு பெட்டி இல்லை.

கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் ஒரு சாவு. பிரேதத்தை இறக்கிவிட்டு மைத்துனன் வழமைபோலக் கடற்கரை ஒழுங்கைக்குத் திருப்பினான். நான் ஒழுங்கைக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். இடுப்பில் இன்னும் கயிறுதான். சனம் கூடிவிட்டது. ஊர்ப் பெரியவர் ஒருவர் முன்னுக்கு வந்தார்.

"என்னடாப்பா இது கூத்து? வழியை விடு."

"கடலுக்குப் போகாது."

"பிரேதம் ஏத்தின வாகனத்தைக் கழுவாமல் தண்ணி ஏத்தப் போறியோ?"

"கழுவுறன். ஆர் கழுவேல்லை எண்டது?"

"எங்கை?"

"என்ரை வளவில. என்ரை கிணத்துத் தண்ணியில."

பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "உன்ரை மனுசி பிள்ளைத்தாச்சியெல்லோ?"

"ஓம். அவளும் தண்ணி குடிக்கிறவள்தான்."

சொல்லிவிட்டு, என் வளவு வாசற் படலை வரைக்கும் ஜீப்புக்கு முன்னால் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். துடக்கு ஜீப்பை நிறைமாதக்காரி இருக்கிற வளவுக்குள் கொண்டுவந்தவன் என்று ஊர் சொல்லும். ஏதும் ஆகிவிட்டால் வாழ்நாள் முழுக்கச் சொல்லும். படலையில் அவள் நின்றாள். என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், பின்னால் வந்த சனத்தைப் பார்த்தாள்.

"கிணத்தடிக்குக் கொண்டுவராதேங்கோ," என்றாள். "பின்வளவில தென்னைக்குப் பக்கத்தில விடுங்கோ. தென்னைக்கெண்டாலும் தண்ணி போகட்டும்."

"நீ உள்ளுக்குப் போ."

"ஏன், செத்தவர் எழும்பிக் கடிப்பாரோ? மட்காட்டுக்குக் கீழை பாருங்கோ, இன்னும் சேறு கிடக்கு."

நான் வாளி வாளியாக அள்ளி ஜீப்பின் உடலைக் கழுவினேன். சில்லின் நடுவை மட்டும் தண்ணீர் ஊற்றாமல் ஈரத் துணியால் துடைத்தேன். மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். சனம் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு ஒரு சொல்லும் சொல்லாமல் கலைந்தது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் காலை ஜீப் பீப்பாக்களோடு வந்து ஒழுங்கை முகப்பில் நின்றது. பெண்கள் குடத்தோடு வந்தார்கள். வந்தவர்கள் தள்ளி நின்றார்கள். மைத்துனன் மூடியைத் திறந்துவிட்டு நின்றான். ஒரு குடமும் அசையவில்லை. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் போய்க் குடித்துக் காட்டலாம், ஆனால் நான் குடித்தால் எவர் நம்புவார்? கிறீஸையே நக்குகிற ஆள் என்று ஊர் முழுக்கத் தெரியும்.

அப்போது என் மனைவி வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு மெதுவாக, கையில் வீட்டுப் பேணியோடு. மொண்டு முழுவதும் குடித்தாள். இன்னொரு பேணி மொண்டு அதையும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்க ஒரு சொல்தான் சொன்னாள்.

"உப்பில்லை."

ஒரு குடம் முன்னுக்கு வந்தது. பிறகு எல்லாக் குடமும் வந்தன.

அன்றிலிருந்து எந்தச் செத்த வீடு நடந்தாலும் ஜீப் என் பின்வளவுக்குத்தான் வரும். நான்தான் கழுவினேன், ஒவ்வொரு முறையும். அந்தத் தென்னை நல்லாய்க் காய்த்தது. என் மகள் பிறக்க வலி எடுத்தபோது அதே ஜீப்பில்தான் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் முன்சீற்றில் இருந்து மனைவியைப் பார்க்காமல் சில்லின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு போனேன் என்று அவள் இன்றும் குறை சொல்வாள். சத்தம் இல்லை. பிள்ளையும் சுகம், தாயும் சுகம். ஊர் வாயை மூடிக்கொண்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் தீவை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. கிழவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு பாலத்தால் யாழ்ப்பாணம் போனதும் அந்த ஜீப்தான். என் பெட்டியின் பேரிங்கும், காரைநகர் வளையமும், என் கல்யாணப் பெல்ட்டின் தோலும் அந்தச் சில்லுக்குள் அப்போதும் இருந்தன. நிற்காது என்று சொன்னவர்கள் எல்லாரும் அதற்கு முதலே எங்கெங்கோ போய்விட்டார்கள். ஜீப் பிறகு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. சில்லால் நிற்கவில்லை என்பது தெரியும்.

இதை என் மகள் எழுத்துப்பிழை பார்த்துத் தந்தாள். சொல் எல்லாம் என்னுடையது. "கல்லில பேர் இல்லாட்டி என்னப்பா, எங்களுக்குத் தெரியும்தானே" என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். உனக்குத் தெரிந்தால் போதாது பிள்ளை என்றேன். அந்தத் தாங்கியில் தண்ணீர் பிடிக்கிற சின்னஞ்சிறுசுகளுக்கு ஜீப்பைக் கொடுத்தவரைத் தெரியும், ஓட்டினவனைத் தெரியும். கொடுத்த ஜீப் நின்றுபோனது, ஓட்டினவன் நெம்பில் தொங்கினான், அந்த இடைவெளியில் ஒருவன் நின்றான் என்பது தெரியாது. முதலாளி இப்போது இல்லை. சனம் பயப்படும் என்று அவர் சொன்ன காரணமும் இப்போது இல்லை. இனி நான் ஏன் பொறுக்க வேண்டும்?

ஆகவே தாங்கி கட்டினவர்களிடம் கேட்கிறேன். கெஞ்சவில்லை, கேட்கிறேன். கல்லில் கீழே இடம் இருக்கிறது, நான் கையை வைத்துப் பார்த்தேன், ஒரு வரிக்குத் தாராளம். என் பெயரை வெட்டி, "முன்சில்லைத் திருத்தியவர், ஜீப்பைத் தன் வளவில் கழுவியவர்" என்று எழுதுங்கள். இரண்டையும் எழுத வேண்டும், ஒன்றை எழுதி ஒன்றை விட்டால் ஒப்புக்கொள்ளமாட்டேன். என் மனைவி தன் பெயர் வேண்டாம் என்கிறாள். போடுவதென்றால் பேணியையும் கீறச் சொல்லுங்கோ என்று பகிடி விடுகிறாள். அவள் குடித்த இரண்டு பேணியும் என் பங்கோடு சேர்ந்ததுதான், ஆனாலும் கீறினால் எனக்கு மறுப்பில்லை. கல்வெட்டுகிறவர் கிடைக்காவிட்டால் சொல்லுங்கள். உளி என்னிடம் இருக்கிறது. ஒட்டிப்போன பேரிங்கை அந்த உளியால்தான் பிளந்தேன். நானே வந்து வெட்டுகிறேன்.